நான்கு முறை மாட்டிக்கொண்ட கைத்துப்பாக்கி

"அகவை முதிர்வாலும், வலக்கை மணிக்கட்டின் தளர்ச்சியாலும், பார்வைக் குறைவாலும், சிறு துப்பாக்கிகளின் தன்மையைச் சரிவர மதிப்பிட இயலாத நிலையிலுள்ள செல்வி ஜலஜா அவர்கள், கழகத்தின் மதிப்பீட்டாளர் பொறுப்பிலிருந்து இன்று முதல் விடுவிக்கப்படுகிறார்."

நந்தனம் துப்பாக்கி சுடுவோர் கழகம் 1994 மார்ச்சில் நிறைவேற்றிய தீர்மானம் இது. இதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, அதே கழகம் நடத்திய வருடாந்திரப் போட்டியில் மேற்படி தளர்ந்த மணிக்கட்டு இருபத்தைந்து மீட்டர் பிரிவில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கி முதலாவதாக வந்தது. செயலாளர் ஸ்ரீனிவாசராகவன் வெற்றிச் சான்றிதழிலும் விடுவிப்புக் கடிதத்திலும் ஒரே பச்சை மை பேனாவால் கையெழுத்திட்டார். அவர் நல்ல மனிதர். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று அவருக்கும் புரியவில்லை. ஆனால் கமிட்டி என்று ஒன்று இருப்பதே, ஒருவருக்குப் புரியாததைப் பலர் சேர்ந்து தீர்மானமாக்குவதற்குத்தானே.

ஜலஜாவுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பூகோள ஆசிரியை. ஓய்வுக்கு ஒரு வருடம் பாக்கி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தார். கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்தது காக்கிச் சீருடைக்கு ஆசைப்பட்டு. முதல் நாள் கையில் கொடுத்த ரைபிளால் இலக்கின் நடுவில் ஒரே ஓட்டைக்குள் மூன்று குண்டு போட்டார். மற்ற இரண்டும் தவறிவிட்டன என்று நினைத்துப் பயிற்சியாளர் திட்டிய பிறகுதான் அட்டையைக் கொண்டுவந்து பார்த்தார்கள். அன்றிலிருந்து முப்பத்தைந்து வருடம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், ஒயர் கூடையில் கீரைக்கட்டு மேலே, போட்டித் துப்பாக்கிப் பெட்டி கீழே என்று அடுக்கிக்கொண்டு பஸ்ஸில் நந்தனம் போய் வந்தார். கண்டக்டர்கள் அவரைப் பாட்டு டீச்சர் என்று நினைத்திருந்தார்கள்.

அந்த வருடங்களில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி நின்றுபோய், ஏற்கெனவே நாட்டுக்குள் வந்தவைதான் கைமாறிக்கொண்டிருந்தன. லைசென்ஸ் கிடைத்தவர்கள், அதாவது நகைக்கடைக்காரர்கள், பைனான்ஸ்காரர்கள், மருமகனிடம் பயம் உள்ளவர்கள், சட்டைக்கு அடியில் மறைத்து வைத்துக்கொள்ளும்படி சின்னதாக ஒன்று தேடி அண்ணா சாலைக் கடைக்கு வருவார்கள். வாங்கும் முன் ஜலஜாவின் அபிப்பிராயம் கேட்பது வழக்கம். கடையின் மெக்கானிக் கலீமுல்லா துப்பாக்கியைச் சுடுதளத்துக்குக் கொண்டுவருவார். ஜலஜா மூன்று மேகசின், மேகசினுக்கு ஏழாக இருபத்தொரு குண்டு சுடுவார். பிறகு வீட்டுக்குப் போய் முடிவைத் தபால் அட்டையில் எழுதி, வாங்கப்போகிறவருக்கு அனுப்புவார். கையில் கொடுக்கமாட்டார். கையில் கொடுத்தால் எதிரே உட்கார்ந்து வாதாட ஆரம்பித்துவிடுவார்கள் என்பது அனுபவம்.

அட்டைகளில் பெரும்பாலானவை வாங்காதே என்றுதான் சொல்லும். சின்னத் துப்பாக்கிகளைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம் கழகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம், சுண்டு விரல் அனாதையாகத் தொங்கும். குறி பார்க்கும் முனைகள் அரிசி நொய் அளவு. குழல் குட்டையானதால் கை ஒரு நூல் அசைந்தால் குண்டு ஒரு முழம் விலகும். பதினைந்து அடி தாண்டினால் குண்டுக்கே வழி தெரியாது. பெரிய துப்பாக்கியைவிட இதற்குத்தான் அதிகப் பயிற்சி வேண்டும். பயிற்சி செய்ய நேரமில்லாதவர்கள்தான் இதை வாங்குகிறார்கள். "சின்னத் துப்பாக்கிக்கு ஒரே ஒரு குணம், வச்சிண்டிருக்கிறது மறந்துபோயிடும். ஒரே ஒரு தோஷமும் அதுதான்" என்பார். ஒரு சினிமா பைனான்ஸியருக்கு அவர் எழுதிய அட்டையைக் கடையிலேயே கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்கள்: "இது தங்கள் சட்டைப்பையில் இருப்பதைவிட பீரோவில் இருப்பது பாதுகாப்பு. பீரோவில் இருப்பதைவிடக் கடையில் இருப்பது இன்னும் பாதுகாப்பு." வியாபாரத்தைக் கெடுக்கும் வாசகத்தைக் கடைக்காரரே ஏன் காட்சிக்கு வைத்தார் என்றால், இப்படிச் சொல்கிற அம்மாள் எப்போதாவது நன்றாக இருக்கிறது என்று எழுதினால், அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கமாட்டார்கள் என்பதால்தான்.

ஜலஜாவுக்கு ஒரே தம்பி. பெயர் ஸ்ரீகிருஷ்ணா, வீட்டில் கிச்சா. தியாகராய நகரில் ஒரு நகைக்கடையில் வைரம் பார்த்துச் சொல்லும் வேலை. அக்கா துப்பாக்கிக்குச் சொன்னதைத் தம்பி கல்லுக்குச் சொன்னார். இரண்டு பேருமே முகத்துக்கு நேரே அபிப்பிராயம் சொல்லாதவர்கள். மேற்கு மாம்பலத்தில் மனைவி வைதேகியோடும் மகள் மஹதியோடும் இருந்தார். 1993 ஜூனில் வைதேகி இறந்துபோனாள். பதினொரு மாதம் படுத்திருந்தாள். அந்தப் பதினொரு மாதமும் அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட நோயின் பெயரைச் சொல்லவில்லை. "அடையாறுக்குப் போயிண்டிருக்கா" என்று மட்டும் சொன்னார்கள். அடையாறில் என்ன ஆஸ்பத்திரி இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. வைதேகியிடமும் யாரும் சொல்லவில்லை, அவளும் யாரையும் கேட்கவில்லை. நேராகக் கேட்டால் கேட்டது நடந்துவிடும் என்பதுபோல ஒரு பழக்கம் அந்த வீட்டில் எல்லோருக்கும் இருந்தது.

ஆகஸ்டில் மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில், கூட்டத்துக்கு நடுவே, ஒருவன் கிச்சாவின் பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். பையில் இருந்தது தயிர்சாதம். கற்கள் பனியனுக்குள் தைத்த பையில் பத்திரமாக இருந்தன. கிச்சாவுக்கு வருத்தம்கூட இல்லை. அவன் சாப்பிட்டிருப்பான் என்றார். முதலாளிதான் நடுங்கிப்போனார். தமக்குத் தெரிந்த இடத்தில் சொல்லி, எழுதி, கிச்சாவின் பெயரில் தற்காப்புக்காக ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தார். மூன்று மாதத்துக்குள் வாங்கிப் பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் காலாவதி. ஜனவரி பதினேழு கடைசி நாள்.

கிச்சா மறுத்துவிடுவார் என்றுதான் ஜலஜா எதிர்பார்த்தார். தீபாவளிக்கு வெடி வாங்காத ஆசாமி. ஆனால் அவர் மறுக்கவில்லை. மறுக்காததோடு, நவம்பரில் மஹதியைப் பெட்டி படுக்கையோடு அக்கா வீட்டில் கொண்டுவந்து விட்டார். மழைக்காலத்தில் மாம்பலம் பக்கம் தண்ணீர் தேங்குகிறது, காலேஜுக்கு இங்கிருந்துதான் சௌகரியம் என்றார். சொன்னதெல்லாம் நிஜம். தண்ணீர் தேங்கத்தான் செய்தது. ஆனால் அது பதினைந்து வருடமாகத் தேங்கிக்கொண்டிருந்த தண்ணீர்.

டிசம்பர் முதல் வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி வந்தார். அண்ணா சாலைக் கடையில் ஒன்று பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். ஜெர்மன் பிஸ்டல், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரு டாக்டரின் மனைவி விற்கக் கொடுத்தது. அக்கா சுட்டுப் பார்த்து எழுத வேண்டும்.

இருபது வருடத்தில் வாங்க வந்தவர்கள் எல்லோரும் ஜலஜாவிடம் கேட்டவை மூன்றே கேள்விகள். எத்தனை குண்டு பிடிக்கும், எவ்வளவு தூரம் போகும், இடுப்பிலிருந்து எவ்வளவு சீக்கிரம் வெளியே வரும். திருடனைப் பயந்து வாங்குகிறவனுக்கு இந்த மூன்றும்தான் கவலை. கிச்சா மூன்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கேட்காததால் ஜலஜாவே ஆரம்பித்தார்.

"ஏழு குண்டு பிடிக்கும்."

"ஏழு எதுக்கு அக்கா?" என்றார் கிச்சா. பிறகு, டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "முதல் குண்டு கண்டிப்பா வெடிச்சுடுமோன்னோ? அதை மட்டும் பார்த்துச் சொல்லு."

உள் அறையில் மஹதி சத்தமாகப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். ஜலஜா தம்பியின் முகத்தைப் பார்த்தார். முப்பத்தைந்து வருடமாக அசையாத இலக்குகளைப் பார்த்துப் பழகிய கண், இது அசையவில்லை என்பதைக் கண்டது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். அதைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

"காபி ஆறிண்டிருக்கு, குடி" என்றார்.

அடுத்த புதன்கிழமை பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சுடுதளத்துக்குப் போனார். வாரநாள், அங்கே அவரையும் கலீமுல்லாவையும் தவிர யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை மாம்பலத்தில் தபால் அட்டை வந்து சேர்ந்தது:

"சிரஞ்சீவி கிச்சாவுக்கு அநேக ஆசீர்வாதம். புதனன்று பார்த்தேன். இருபத்தொரு குண்டில் நான்கு முறை மாட்டிக்கொண்டது. முதல் குண்டே வெடிக்காமல் மாட்டிக்கொண்டது. வாங்க வேண்டாம். மஹதி சௌக்கியம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. ஜலஜா."

மதிப்பீட்டு அட்டைகளில் ஜலஜா அதுவரை யாரையும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

கிச்சா வந்தார். அந்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் தங்கினார். ஜலஜா துப்பாக்கியைப் பற்றிப் பேசவில்லை, நாட்காட்டியைப் பார்த்தார். கடைக்காரரிடம் வேறு சின்னத் துப்பாக்கி அப்போது இல்லை. ஜனவரி பதினேழு வந்தது, போனது. பதினெட்டாம் தேதி காலை ஜலஜா கபாலீசுவரர் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தார். எதற்கு என்று மஹதி கேட்டதற்கு, தேங்காய் நன்றாக விளைந்திருக்கிறதா பார்க்க என்றாராம்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியதே இல்லை. பிப்ரவரியில் அந்த ஜெர்மன் பிஸ்டலை ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் ஜலஜா வேண்டாம் என்று எழுதியதையெல்லாம் பொருட்படுத்தாமல் வாங்கிவிட்டார். வாங்கியவர் கழகத்தில் உறுப்பினர். சும்மா இருந்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் பார்க்க, ஐந்து மேகசின் தொடர்ந்து சுட்டார். ஒரு குண்டுகூட மாட்டவில்லை. விருப்பப்பட்டவர்களுக்கும் சுடக் கொடுத்தார். யார் கையிலும் மாட்டவில்லை. ஒரு நல்ல வியாபாரம் கெட்டுப்போக இருந்ததே என்று கடைக்காரர் கழகத்துக்கு எழுதினார். அதோடு நிறுத்தாமல் கிச்சாவுக்கும் போன் செய்து சொன்னார்.

அன்று சாயங்காலமே கிச்சா கச்சேரி ரோட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாம் அக்கா. நான் பொம்மை கேட்டு அழற குழந்தை இல்லை. ஊருக்கெல்லாம் உள்ளது உள்ளபடி எழுதற நீ, எனக்கு மட்டும் எதுக்குப் பொய் எழுதினே?"

இப்போதாவது அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். வாசலில் தம்பி நின்றுகொண்டிருந்தார், கோபமாக, உயிரோடு. ஜலஜா கேட்கவில்லை. கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அந்தச் சொல் வீட்டுக்குள் வந்துவிடும். இல்லை என்று சொல்லிவிட்டாலோ இனி அவரைத் தடுக்க ஒரு காரணமும் மிஞ்சாது. புது லைசென்ஸுக்கு மறுபடி விண்ணப்பம் போட எவ்வளவு நேரம் ஆகும்?

"பொய் இல்லைடா. எனக்கு மணிக்கட்டு தளர்ந்துபோச்சு. சின்ன பிஸ்டலை இறுக்கிப் பிடிக்கலைன்னா மாட்டிக்கும். என் கையில மாட்டிண்டுது."

கிச்சா அந்தக் கையைப் பார்த்தார். கற்களில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிற கண்.

"உனக்கா?" என்றார். பிறகு உள்ளே பார்த்து மஹதியைக் கூப்பிட்டு, பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொல்லி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

தம்பியிடம் சொன்னதைக் கழகத்திலும் சொல்ல வேண்டியதாயிற்று. ஸ்ரீனிவாசராகவன் அவரைத் தனியாக உட்காரவைத்து, மென்மையாகவே, இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும் என்றார். ஒன்று கடைக்கு ஆகாதவர் யாரோ சொல்லி அப்படி எழுதியிருக்க வேண்டும், இல்லை உடம்பில் ஏதோ கோளாறு. அவரே பரிதாபப்பட்டு, "கண்ணைக் காட்டினேளா?" என்று ஒரு வழியும் காட்டினார். ஜலஜா கண்ணையும் ஒப்புக்கொண்டார், மணிக்கட்டையும் ஒப்புக்கொண்டார், கேட்டிருந்தால் காதையும் சேர்த்து ஒப்புக்கொண்டிருப்பார்.

ஒப்புக்கொண்ட பிறகு போட்டிக்கு வராமல் இருந்திருக்க வேண்டும். பெயர் கொடுத்தாகிவிட்டது, வந்தார். மோசமாகச் சுட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் வந்தார் என்று கலீமுல்லா சொல்வார். அட்டையில் பொய் எழுதத் தெரிந்த கைக்கு இலக்கில் பொய் சுடத் தெரியவில்லை. தொண்ணூற்றாறு வந்துவிட்டது. மணிக்கட்டு தளர்ந்தவர் இனிமேல் சுடுதளத்தில் தென்படுவது நன்றாக இருக்காது என்று அன்றைக்குத்தான் அவருக்குப் பட்டிருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை கடிதம் போயிற்று. அதற்குப் பிறகு அவர் நந்தனம் பக்கம் வரவேயில்லை. போட்டித் துப்பாக்கியைக் கழகத்துக்கே எழுதிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக் கீரையை மயிலாப்பூரிலேயே வாங்கிக்கொண்டார்.

1996 வைகாசியில் மஹதிக்குக் கல்யாணம். பெண்ணுக்கு அத்தை, குங்குமம், பழத்தட்டோடு தம்பி நேரில் வந்து கூப்பிட வேண்டிய முதல் வீடு. பத்திரிகை தபாலில் வந்தது. உறையின் மேல் "செல்வி ஜலஜா அவர்கள்" என்று கடைக் குமாஸ்தாவின் கையெழுத்து. தியாகராய நகர் மண்டபத்தில் ஜலஜா நாலாவது வரிசையில் உட்கார்ந்து, பெண்ணை வாழ்த்தி, பந்தியில் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். சாப்பிடாமல் போனால் கோபம் என்று ஆகிவிடும். தம்பி வாசலில் நின்று எல்லோரையும் போல அவருக்கும் கும்பிடு போட்டு, தேங்காய்ப் பை கொடுத்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். ஜலஜா அதைக் கவனித்தார்.

தபால் பத்திரிகை அனுப்பியது அநியாயம் என்று உறவில் ஒருத்தி அன்று ஆதங்கப்பட்டாள். "உசிரோட இருந்துண்டுதானே அனுப்பினான்" என்றார் ஜலஜா. அவளுக்குப் புரியவில்லை.

கிச்சா 1998 செப்டம்பரில் இறந்தார். கடையில், பகல் பதினோரு மணிக்கு, கண்ணில் லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. கல் நல்ல கல்லா இல்லையா என்று சொல்லவில்லை. அந்த டிசம்பரிலிருந்து கணக்குப் பார்த்தால் நாலே முக்கால் வருடம். அதில் நாலரை வருடம் அக்காவோடு பேசவில்லை.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு, மஹதி அத்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மடியில் ஆறு மாதக் குழந்தை. அப்பா கல் மடித்து வைக்கிற காகிதப் பொட்டலங்களோடு இது இருந்தது என்று ஒரு தபால் அட்டையைக் கொடுத்தாள். நாலாக மடித்து, மடிப்பு நைந்துபோயிருந்தது. சிரஞ்சீவி கிச்சாவுக்கு அநேக ஆசீர்வாதம். அக்கா செய்த அவமானத்துக்கு அத்தாட்சியாக அவர் அதை வைத்திருந்தாரா, வேறெதற்காவது வைத்திருந்தாரா என்பது தெரியாது. முதல் குண்டைப் பற்றி அன்று அவர் கேட்டது திருடனுக்காகவா, தனக்காகவா என்பதும் தெரியாது.

"நிஜமா மாட்டிண்டுதா அத்தை?" என்று மஹதி கேட்டாள். அந்தக் குடும்பத்தில் ஒருவர் ஒருவரைக் கோபமில்லாமல் நேராகக் கேட்ட கேள்வி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

"கை தளர்ந்திருந்துதுடி" என்றார் ஜலஜா. குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

கலீமுல்லா இதை என்னிடம் சொன்னது அடுத்த வருடம், ஜலஜாவும் போன பிறகு. அதுவரை ஆறு வருடம் அவர் கடை முதலாளியிடமும் சொல்லவில்லை, கமிட்டியிடமும் சொல்லவில்லை. அந்தப் புதன்கிழமை அவர்தான் பக்கத்தில் நின்று மேகசின்களுக்குக் குண்டு போட்டுக் கொடுத்தார். மூன்றாவது மேகசின் தீர்ந்ததும் ஜலஜா துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல சின்னத் துப்பாக்கி என்று ஒன்று இருக்கவே முடியாது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது தப்பு, இது நல்ல துப்பாக்கி என்றாராம். சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு, "நாலு தடவை மாட்டிண்டுது, கலீமுல்லா" என்றார்.

"இன்னா மேடம், நான் இங்கயேதான நின்னுகினு இருந்தேன்."

"அதான் சொல்றேன். நீங்களும் பார்த்தேள்."

கலீமுல்லா அவர் முகத்தைப் பார்த்தார். "எத்தினி தபா மேடம்?"

"நாலு."

"சரி மேடம். நாலு."

1993 டிசம்பரில் ஒரு புதன்கிழமை, நந்தனம் சுடுதளத்தில், ஜலஜா அந்தத் துப்பாக்கியால் இருபத்தொரு குண்டு சுட்டார். இருபத்தொன்றும் வெடித்தன. நான்கு மாட்டிக்கொண்டன என்று எழுதி, கச்சேரி ரோடு தபால் பெட்டியில் போட்டார்.